எரிக்கச் சொன்ன கொடி

ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவனை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். சென்ற மாதம் பழைய வேலையிடத்திலிருந்து அழைத்தார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பராமரிப்பாளர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். போனேன். கோப்பியும் கறுவாப் பணிசும் தந்துவிட்டு, வேலையில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது எது என்று கேட்டார்கள். குழாய் வெடித்து மண்டபம் வெள்ளமான கதையோ, கூரையிலிருந்து பனிப்பாளம் விழுந்து வாசலை அடைத்த கதையோ வரும் என்று நினைத்திருப்பார்கள். ‘ஒரு துணி’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் எரிச்சல் அடங்காதபடியால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் சூசைதாசன். ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று. படிக்க என்று நோர்வேக்கு வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் சில குளிர்காலங்கள் விரல் விறைக்க மீன் வெட்டி, பாஷையை மீன்காரரிடம் பழகி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கினவன். குரோருட் பக்கம் நகரசபைக்குச் சொந்தமான ஒரு பொது மண்டபத்தில் ‘வக்மெஸ்தர்’ வேலை கிடைத்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவனுக்கு நோர்வேக்காரர் வைத்த பெயர் அது. பல்ப் மாற்ற வேண்டும், பனி தள்ள வேண்டும், கதிரை அடுக்க வேண்டும், வாடகைக்கு எடுப்பவர்களுக்குத் திறப்புக் கொடுக்க வேண்டும், கொடி ஏற்ற வேண்டும். கடைசியில் சொன்னதுதான் என் உயிரை வாங்கியது.

நோர்வேக்காரர் எதை விட்டாலும் கொடி விஷயத்தில் விடமாட்டார்கள். வெளிக் கம்பத்தில் காலை எட்டு மணிக்கு ஏற்ற வேண்டும். இருட்டு மாதங்களில் ஒன்பது மணி. சூரியன் மறையும்போது இறக்க வேண்டும். தரையில் படக் கூடாது. நனைந்திருந்தால் மடிக்கக் கூடாது, விரித்துக் காயவைத்த பிறகுதான் அலுமாரிக்குள் போகலாம். யாராவது இறந்து அரைக் கம்பத்தில் பறக்கவிடுவதென்றால் நேரே பாதிக்கு ஏற்றினால் பிழை. முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு கீழே இறக்கி நிறுத்த வேண்டும். மாலையில் எடுக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்த்தான் இறக்கலாம். ஒருமுறை நான் உச்சிக்கு ஏற்றாமல் பாதியில் கட்டிவிட்டேன். எதிரே இருந்த அடுக்குமாடியிலிருந்து ஒரு கிழவர் படுக்கைச் சட்டையோடு இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான் திருத்தும்வரை அங்கேயே நின்றார். இறந்தவர் யார் என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார்.

கிழிந்து வெளிறிய கொடிக்கும் விதி உண்டு. குப்பையில் போடக் கூடாது. எரிக்க வேண்டும், அல்லது தையலைப் பிரித்து அது கொடி என்று யாருக்கும் தெரியாதபடி துண்டுகளாக்க வேண்டும். மரியாதைக்காகத்தான் இப்படி. நானும் வெளிறிப்போன பல கொடிகளைப் பின்வளவில் தகரப் பீப்பாவில் எரித்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். அவர்தான் என் மேலதிகாரி ஹால்வர்.

ஹால்வரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. நல்ல மனுசன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் கோப்பி இரண்டு தடவை ஆறிவிடும். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், கம்பளிச் சட்டையின் நுனியால் துடைப்பார், மறுபடி போடுவார், யன்னலால் வெளியே பார்ப்பார். அதற்குப் பிறகு ‘வி ஃபோர் சே’ என்பார். பார்ப்போம் என்று அர்த்தம். சம்பள உயர்வுக்கும் அதுதான் பதில், கூரை ஒழுக்குக்கும் அதுதான் பதில். ‘இல்லை’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஓம்’ என்றும் கேட்டதில்லை. அந்த ஆளோடு எத்தனையோ வருடம் வேலை செய்து என் பல்லெல்லாம் தேய்ந்தது, கடித்துக் கடித்து.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பார்ப்போம் என்று சொல்லாமல் உடனே செய்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் மண்டபத்தைச் சோமாலியர், சிலிக்காரர், பாகிஸ்தானியர், தமிழர் என்று எல்லோரும் வாடகைக்கு எடுப்பார்கள். வெளிக் கம்பத்தில் நோர்வேக் கொடியைத் தவிர வேறு ஏற்றச் சட்டம் இடம் தராது. ஆகவே உள்ளே, மண்டபத்தின் நீளச் சுவரில், ஒவ்வொரு சமூகத்தின் கொடியையும் வரிசையாகத் தொங்கவிடுவோம், எல்லோருக்கும் இது தங்கள் வீடுபோல இருக்கும் என்று ஹால்வருக்கு ஒரு யோசனை வந்தது. மண்டபச் செலவிலேயே கொடிகளை வாங்கினார். என்னிடம் வந்து, ‘சூசை, உங்கள் ஆட்களின் கொடி எது?’ என்று கேட்டார்.

‘கேட்காதீர்கள்’ என்றேன்.

‘ஏன்?’

‘பத்துத் தமிழரிடம் கேட்டால் எட்டுப் பேர் ஒரு கொடியைச் சொல்வார்கள். மற்ற இருவரும் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.’

வெறுமையாக விட்டால் தமிழரை ஒதுக்கியதாக ஆகுமே என்று அவருக்குக் கவலை. தமிழ்ச் சங்கத்தாரிடம் போய்க் கேட்டார். சங்கம் ஒரே குரலில், ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் கொடியைச் சொன்னது. கடையில் வாங்க முடியாது என்பதால் தைத்தும் தருவதாகச் சொன்னார்கள். இப்படியாகத்தான் ஒஸ்லோ நகரசபைக்குச் சொந்தமான சொத்துகளில், மடிப்பு மேசைகளோடும் பனி தள்ளும் இயந்திரத்தோடும், அந்தக் கொடியும் ஒன்றாகச் சேர்ந்தது.

தைத்தவர் செல்வராணி அக்கா. குரோருட்டில் தனியாக இருந்தவர், வடமராட்சிக்காரி. எங்கள் பெண்களின் சட்டைகளைச் சிறுப்பித்துப் பெருப்பித்துக் கொடுப்பார். அவருக்கு ஒரு மகள், பக்கத்து நகரமான திராமனில், பெயர் சுபா. ஒரு மகன் இயக்கத்துக்குப் போய், இறந்துவிட்டான் என்ற செய்தியாக மட்டும் திரும்பி வந்தவன். உடல் வரவில்லை. எங்கே எப்படி என்ற விபரமும் வரவில்லை. பொலியெஸ்டர் துணி வேண்டாம் என்று அடம்பிடித்து, பருத்தித் துணி வாங்கி, நடுவில் வரும் படத்தை வெட்டி ஒட்டித் தைத்து, கொண்டுவந்து தந்தார். நான் ஏணியில் ஏறிக் கட்டினேன். அவர் கீழே நின்று கும்பிட்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஏணியில் நின்றேன்.

யோகநாதன் அதற்குப் பிறகுதான் மண்டபத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தார். திருகோணமலைக்காரர். இப்போது ஸ்தவாங்கரில் மகளோடு இருக்கிறார். இதை எழுதப் போகிறேன் என்று தொலைபேசியில் கேட்டபோது, ‘எழுதுங்கோ அண்ணை, பேரை மட்டும் மாத்துங்கோ’ என்றார். மாற்றியிருக்கிறேன். நறுவிசான வேலைக்காரன். ஆனால் அந்த நீளச் சுவரோரம் துடைக்கும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, வாளியைக் காலால் தள்ளித் தள்ளி, ஓடுவதுபோலத் துடைப்பார். நவம்பரில் சங்கத்தார் இறந்த போராளிகளுக்கு நினைவு நாள் செய்யும் அன்று லீவு எடுப்பார். நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் சிலவற்றைக் கேட்கக் கூடாது என்பதை நானும் படித்திருந்தேன்.

ஒருநாள் அவராகவே சொன்னார். சாப்பாட்டு மேசையில், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

‘அண்ணை, என்ரை அண்ணையை உந்தக் கொடிக்காரர்தான் சுட்டவை. வாத்தியார் அவர். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளிலை வரேக்கை.’

‘என்னத்துக்கு?’

‘அதை இண்டைக்குவரை ஒருதரும் சொல்லேல்லை. நான் அந்த வீட்டுக்குப் போகேலாமல் இஞ்சை ஓடி வந்தனான். இஞ்சை வந்தால், ஒவ்வொரு நாளும் அதுக்குக் கீழை நிண்டு நிலம் துடைக்கிறன். அவை தங்கடை நாளிலை கட்டட்டும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. வருசம் முழுக்க ஏன் தொங்கவேணும்?’

நியாயம்தானே! ஹால்வரிடம் போனேன். விழாவன்று மட்டும் கட்டுவோம், மற்ற நாட்களில் அலுமாரியில் வைப்போம் என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். யன்னலைப் பார்த்தார். ‘வி ஃபோர் சே’ என்றார். அன்று மட்டும் அவர் ‘ஓம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பின்னால் வந்த கூத்து எதுவும் நடந்திராது. ஏணி அந்த அறையிலேயே இருந்தது. கட்டியவனும் நான், அவிழ்ப்பவனும் நான். சங்கத்தார் கேட்டால் தோய்க்கப் போட்டிருக்கிறேன் என்று சமாளித்திருப்பேன்.

யோகன் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்தார். பிறகு அவருக்கும் போதும் என்றாகிவிட்டது. நகரசபையின் எங்கள் பகுதிக் குழுக் கூட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் பொதுமக்களுக்கு விடுவார்கள், யார் வேண்டுமானாலும் எழுந்து தன் குறையைச் சொல்லலாம். நாய் அசிங்கம், தெருவிளக்கு, பஸ் நேரம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். யோகன் எழுந்து, உடைந்த நோர்வேப் பாஷையில், அண்ணனையும் கொடியையும் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்வையாளர் வரிசையில் தமிழர் ஒருவரும் இல்லை. பஸ் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட எங்களுக்கு எங்கே நேரம்?

அது இலங்கைப் பேச்சுவார்த்தையில் நோர்வே நடுவில் நின்ற காலம். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டின் தலைநகரில், நகரசபைச் சுவரில், ஒரு பக்கத்தின் கொடி! பகுதிக் குழு பதறி மேலே அனுப்பியது. மேலே உள்ளவர்கள் அதற்கும் மேலே அனுப்பினார்கள். ஒரு கட்சிக்காரர் எல்லாக் கொடியையும் கழற்று என்றார், மற்றவர் ஒன்றையும் தொடாதே என்றார். மண்டபத்தைப் பார்க்க வந்த ஒரு அம்மையார் சிலி நாட்டுக் கொடியைக் காட்டி, ‘இதுவா அது?’ என்று என்னிடம் கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளக் கை உயர்ந்தது. அடக்கிக்கொண்டேன். கடைசியில் நகர ஆட்சிக்குழு முடிவெடுத்தது: அந்தக் கொடி நகரத்தின் கட்டடங்களில் பாவனையிலிருந்து நீக்கப்படுகிறது. நான் ஏணியில் ஏறிக் கழற்றி, மடித்து, அலுமாரியில் வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சங்கத்துக்கு உடனே ஒரு துரோகி தேவைப்பட்டான். யார் சொல்லிக் கொடுத்தது என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி. யோகனை அவர்களுக்குத் தெரியாது, மண்டபம் கூட்டுகிற ஆளை யார் பார்த்தார்கள்? நகரசபையில் சம்பளம் வாங்கும் தமிழன் யார்? சூசை. தீவான், போதாக்குறைக்கு வேதக்காரன். கணக்குச் சரி! தமிழ்க் கடையில் என் மனைவியைக் கண்டதும் பேச்சு நின்றது. தேவாலயத்தில்கூட எங்கள் வாங்கில் உட்கார இடம் தாராளமாக இருந்தது. அது யோகன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அந்த மனுசன் ஒருமுறை ஓடியது போதாதா? வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே கொதித்தது, அதை மறைக்க மாட்டேன்.

சங்கச் செயலாளர் பாலா மண்டபத்துக்கே வந்தார். பஸ் ஓட்டுபவர், குரல் மட்டும் கப்பல் ஓட்டுபவருடையது.

‘சூசை அண்ணை, கொடியை எங்களிட்டைத் தாங்கோ. நாங்கள் முறையா, ஆக்களைக் கூட்டி, படம் எடுத்து, மரியாதையோடை வாங்கிக்கொண்டு போறம்.’

‘அது நகரசபையின்ரை சாமான். மேலிடத்தைக் கேட்டுத்தான் தரலாம்.’

‘அப்ப கேளுங்கோ. அல்லது கேக்கக் கூடாதெண்டு நிக்கிறியளோ?’

ஹால்வரிடம் போய், இதைச் சத்தம் போடாமல் கொடுத்துவிடுவோமா என்றேன். எல்லாவற்றையும் பார்ப்போம் என்று கிடப்பில் போடுகிற மனுசன், அன்று பார்த்து, விதிப்படி செய்ய வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டார்! கேட்டால் பதில் வருமே! அங்கே யாரோ ஒருவர், அது என்ன துணி, யாருடைய துணி என்று தெரியாமல், நல்ல எண்ணத்தோடு எழுதிவிட்டார்: கொடி எவரிடமும் கையளிக்கப்படக் கூடாது, நீக்கப்பட்ட மற்றக் கொடிகளுக்கு உரிய அதே மரியாதையுடன் எரிக்கப்பட வேண்டும்.

‘மரியாதையுடன்’ என்று ஹால்வர் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் முகத்தில் நிம்மதி.

‘ஹால்வர், எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை அந்தக் கொடியை எரிப்பது பகைவன் செய்கிற வேலை. உங்கள் பீப்பாவில் இதைப் போட்டால் நான் குரோருட்டில் குடியிருக்க முடியாது.’

அவர் உண்மையாகவே திகைத்துப் போனார். தன் நாட்டுக் கொடிக்குச் செய்வதைத்தானே இதற்கும் செய்யச் சொல்கிறார்கள், இதைவிட என்ன கௌரவம் கொடுக்க முடியும் என்று கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் பாலா, படம் பிடித்துக்கொண்டு வாங்கிப் போக வேண்டுமாம். அந்தப் பக்கம் யோகன். ‘எரிக்கச் சொல்லிப்போட்டினம் எண்டால் எரியுங்கோ அண்ணை. நான் பாக்கவேணும்’ என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோசமே இல்லை.

இந்த நிலையில்தான் செல்வராணி அக்கா வந்தார். ஒரு மத்தியானம், பனியில் மெல்ல மெல்ல அடி வைத்து, தனியாக. என் அறையில் கதிரை கொடுத்தேன். சால்வையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

‘தம்பி, அதை எரிக்கப் போறியளாம். உண்மையோ?’

‘அப்பிடித்தான் எழுதி வந்திருக்குது அக்கா.’

‘சங்கத்துக்குக் குடுக்கவேணாம். அவை கொண்டுபோய் மேடையிலை வைப்பினம். எனக்கு மேடை வேணாம். எனக்குத் தாரும்.’

‘ஒருதருக்கும் குடுக்கக் கூடாதாம் அக்கா.’

அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு சொன்னது இதுதான். மற்றத் தாய்மாருக்குப் பிள்ளையின் பெட்டியாவது வந்தது. பெட்டிமேல் அதைப் போர்த்தினார்கள், அவர்கள் தொட்டு அழுதார்கள். தன் பிள்ளைக்குப் பெட்டியும் இல்லை, போர்வையும் இல்லை. அதனால்தான் பருத்தித் துணி வாங்கித் தன் கையாலேயே தைத்தார். தான் செத்தால் தன் பெட்டியில் அதைப் போட வேண்டும். ‘அவனுக்குப் போடாததை நான் போட்டுக்கொண்டு போறன். இவ்வளவுதான் தம்பி. இருதயம் சரியில்லையெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கனகாலம் வைச்சிருக்கத் தேவையில்லை.’

நான் இயக்கத்துக்கு ஆதரவானவனும் இல்லை, எதிரானவனும் இல்லை. பல்ப் மாற்றுகிறவன். அலுமாரியைத் திறந்து கொடுத்து அனுப்பியிருக்கலாம். கொடுத்தால் அடுத்த வாரமே பாலா அறிவார், பத்திரிகை அறியும், யோகன் அறிவார். எல்லோர்மேலும் கோபம் வந்தது. கொடியைக் கண்டுபிடித்தவன்மேல்கூட வந்தது. ‘பொறுங்கோ அக்கா, கேட்டுப் பாக்கிறன்’ என்று அனுப்பிவிட்டு ஹால்வரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன்.

முழுவதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். எனக்கு அந்தக் கம்பளிச் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. மேலிடத்துக் காகிதத்தை எடுத்து ஒருமுறை வாசித்தார். கோப்பி ஊற்றினார். மறுபடி வாசித்தார்.

‘எரிக்க வேண்டும் என்று இருக்கிறது’ என்றார்.

‘அது எனக்குத் தெரியும்!’

‘மரியாதையுடன் என்று இருக்கிறது.’

‘ஹால்வர்!’

‘எப்போது என்று இல்லை’ என்றார். யன்னலைப் பார்த்தார். ‘எங்கே என்றும் இல்லை. நீங்கள் ஹிந்துக்கள் பெட்டியைப் புதைப்பதில்லை, எரிப்பீர்கள் அல்லவா?’

நான் ஹிந்து இல்லை என்று அவருக்குப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். அன்று திருத்தவில்லை. அந்த மனுசனின் ஆமை வேகத்தைப் பற்றி நான் திட்டாத நாளில்லை. அன்று முதல் தடவையாக அவர் கையைப் பிடித்தேன். அவர் வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டு, ‘வி ஃபோர் சே’ என்றார்.

மிச்சம் இருந்தது யோகன். அவருக்குத் தெரியாமல் செய்ய என் மனம் ஒப்பவில்லை. கொடியைத் தாங்க முடியாமல் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் அவர். செல்வராணி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்படி ஒருவர் இருக்கிறார், அவர்தான் முறையிட்டவர், காரணம் இது, அவரும் சம்மதிக்க வேண்டும் என்றேன். கத்துவார் என்று பயந்தேன். ‘நான் அவரோடை கதைக்கவேணும்’ என்றார்.

என் அறையிலேயே இருவரும் சந்தித்தார்கள். கொடி மேசைமேல் மடித்தபடி இருந்தது. யோகன் அதைப் பார்க்காமல் கதவோரம் நின்றார். கையில் இன்னும் ரப்பர் கையுறை.

‘தம்பி, இரும்’ என்றார் அக்கா. அவர் இருக்கவில்லை.

‘உங்கடை அண்ணைக்கு என்ன வயசு அப்ப?’

‘முப்பத்தொண்டு.’

‘பிள்ளையள்?’

‘ரெண்டு.’

‘ஆர் செய்தது எண்டு தெரியுமோ?’

‘தெரியும். அண்ணையிட்டைப் படிச்ச பெடியன்.’

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சொன்னார்: ‘என்ரை பிள்ளை அந்தப் பக்கம் வரேல்லை எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். ஆனால் எனக்குத் தெரியாது தம்பி. அவன் எங்கை எங்கை நிண்டவன், என்னென்ன செய்தவன் எண்டு எனக்கு ஒருதரும் சொல்லேல்லை.’

யோகன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். எனக்கு வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது.

‘பெட்டிக்கு மேலை போடவேண்டாம் அம்மா’ என்றார் கடைசியில். ‘மேலை போட்டால் அது அவையின்ரை கொடி. உள்ளுக்கை வையுங்கோ. ஒருதருக்கும் தெரியவேண்டாம்.’

‘உள்ளுக்கை எண்டால் நீர் வருவீரோ?’

அவர் மேசைமேல் இருந்த கொடியைப் பார்த்தார். ‘வருவன்’ என்றார்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கொடி என் அலுமாரியில், நோர்வேக் கொடிகளுக்குக் கீழே, பழைய படுக்கைவிரிப்பில் சுற்றியபடி கிடந்தது. பாலாவிடம், மேலிடத்து உத்தரவுப்படி அது எரிக்கப்படும், யாருக்கும் தரமாட்டோம் என்று சொன்னேன். பொய்யில்லை. அவர் அதை ‘சூசை எரித்துவிட்டான்’ என்று ஊரெல்லாம் பரப்பினார். சங்கம் வேறு மண்டபத்துக்குப் போனது. அங்கே எங்கோ அச்சடித்து வரவழைத்த புதுக் கொடிகள், முன்னையதைவிடப் பெரிது, பளபளப்பான நைலோன். அந்த மண்டபத்தில் செல்வராணி அக்காவுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தார்களாம். பழையதை இவ்வளவு பாடுபட்டுக் கேட்ட ஒருவரும், அதைத் தைத்த மனுசிக்கு அது என்னவாயிற்று என்று தெரியுமா என்று கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அக்கா தெருவில் கண்டால் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைப்பார். அவ்வளவுதான்.

ஊரில் யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த ஒரு மாரிகாலத்தில் அக்கா போய்விட்டார். திராமனிலிருந்து சுபா அழைத்தாள். தாய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தார். அலுமாரியிலிருந்து பொதியை எடுத்தபோது ஹால்வர் வாசலில் நின்றார். கையில் கோப்பி இல்லை. ஒதுங்கி வழி விட்டார். தாய்க்குச் சேலை உடுத்தும்போது, அறையிலிருந்த மற்றப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, சுபா தன் கையாலேயே அதை நெஞ்சிலிருந்து கால்வரை விரித்து, மேலே வெள்ளைத் துணியைப் போட்டாள். பெட்டியை மூடினார்கள்.

கிரியை மண்டபம் நிறைந்திருந்தது. பாலாவும் ஆட்களும் நைலோன் கொடியோடு வந்து, வீரனின் தாய்க்குப் போர்த்த வேண்டும் என்றார்கள். சுபா, ‘அம்மா மேலை ஒண்டும் போடவேண்டாமெண்டு சொன்னவ’ என்றாள். வாக்குவாதம் செய்தார்கள். அவள் அசையவில்லை. வெறும் வெள்ளைப் பெட்டி, மேலே பூ மட்டும். யோகன் வந்திருந்தார். ஊர் ஆட்கள் கூடுகிற எந்த இடத்துக்கும் அதற்கு முன் அவர் வந்ததில்லை. கடைசி வரிசையில் என் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இங்கே பெட்டியை உள்ளே அனுப்ப ஒரு பொத்தான் உண்டு. சுபா அதை அழுத்தினாள். கதவு மூடும்வரை யோகன் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே, வாசல் படியில், பாலா எனக்காகவே காத்திருந்தார். போர்த்த முடியாமற் போன கொடி அவர் கையில் சுருண்டு கிடந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: ‘கொடியை எரிச்சவரும் கும்பிட வந்திருக்கிறார். பாருங்கோ!’

கொடி எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தை போதும், அவர் வாய் அடைத்துப்போகும். நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

பின்னாலிருந்து யோகன் முன்னே வந்தார். பாலா அவரை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார்.

‘ஓம், எரிச்சவர்தான்’ என்றார் யோகன். ‘நானும் பக்கத்திலை நிண்டனான்.’

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தார். அவர் அழுதுகொண்டிருந்தார்.